லைனுக்குப் போகாமல் பிராண்ட் மேனேஜர் ஆக முடியுமா?

கேள்வி: மதுரையில் பி.பி.ஏ. முடித்திருக்கிறேன். பிராண்ட் மேனேஜர் ஆக வேண்டும் என்பது ஆசை. கையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. சென்னையில் ஒரு டிஜிட்டல் ஏஜென்சி, ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் சி.டி.சி. என்கிறது. ஒரு மசாலா கம்பெனி சேல்ஸ் ஆபீசராகக் கூப்பிடுகிறது. கைக்கு 19,000 ரூபாய், பெட்ரோல் படி தனி, விருதுநகர் பக்கம் லைன். “டிகிரி படிச்சிட்டுப் பையை மாட்டிக்கிட்டுக் கடை கடையா ஏறப்போறியா?” என்கிறார் அப்பா. எதில் சேரட்டும் சார்?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: முதலில் அந்த 3,60,000-ஐப் பிரித்துப் பார்த்துவிடுவோம். மாதம் 30,000 என்று மனதுக்குள் வகுத்திருப்பீர்கள். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்து அட்டவணையைப் பாருங்கள். பத்து சதவிகிதம் ‘வேரியபிள்’ என்று இருந்தால் மாதக் கணக்கில் 3,000 போயிற்று. வருஷக் கடைசியில் கொடுத்தால்தான் உண்டு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் பி.எஃப்.புக்கு உங்கள் பங்கு 12 சதவிகிதம், அதாவது 1,800. கம்பெனி கட்டும் இன்னொரு 1,800-ம் அந்த 30,000-க்குள்ளேதான் ஒளிந்திருக்கும். கிராஜுவிட்டி என்று 4.81 சதவிகிதம், 720 சொச்சம். மிச்சம் 22,700-ஐத் தொடாது. அதில் சென்னை விடுதி வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் கழியும். வீட்டுச் சாப்பாட்டோடு வாங்கும் 19,000 அதற்குக் குறைந்ததில்லை.

ஆனால், என் ஓட்டு மசாலாவுக்கு விழுவதற்கு இந்தக் கணக்கு மட்டும் காரணமில்லை. பிராண்ட் மேனேஜர் என்றதும் விளம்பரப் படப்பிடிப்பில் நாற்காலி போட்டு உட்காரும் ஆள்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார். அது வருஷத்தில் சில நாள். மற்ற நாளெல்லாம் கிராம் கணக்கு. மிளகாய் வத்தல் விலை ஏறிவிட்டது என்று வையுங்கள். 10 ரூபாய் பாக்கெட்டின் விலையைத் தொட முடியாது. சில்லறை மாற்றும் சிரமத்துக்கே ஆள் வேறு பாக்கெட்டை எடுத்துவிடுவார். குறைக்க முடிவது எடையை. எத்தனை கிராம் குறைத்தால் வீட்டில் கண்டுபிடிப்பார்கள், போட்டிக் கம்பெனி என்ன செய்யும், கடைக்காரருக்கு மார்ஜினில் எவ்வளவு விட்டுக்கொடுத்தால் நம் சரத்தை முன்னால் தொங்கவிடுவார்? இதற்கெல்லாம் விடை தெரிந்தவருக்குத்தான் அந்த நாற்காலி. விடை இருப்பது கல்லாவில். நீங்கள் படியேறியதும் அண்ணாச்சி கேட்பது ஒரே கேள்விதான்: “போன தடவை போட்டதே நகரலை, இது எதுக்கு?” ஏன் நகரவில்லை என்று கண்டுபிடிக்கிற நாளில் நீங்கள் பாதி பிராண்ட் மேனேஜர்.

இந்தப் பதவியின் பிறப்புக் கதையும் இதைத்தான் சொல்கிறது. 1931-ல் அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் கேமே சோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும் என்று மூன்று பக்கக் குறிப்பு எழுதினார். விற்பனை சுணங்கும் ஊருக்கு நேரில் போய் வியாபாரிகளிடம் பேசுவதையும் அந்த ஆளின் வேலையாகவே அதில் எழுதிவைத்தார். நம் கடலூருக்கு வாருங்கள். சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு ஷாம்பு தொழில் தொடங்கினார். காலி சாஷேக்களைக் கொடுத்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார். முதலில் எந்த ஷாம்பு சாஷே ஆனாலும் சரி. பழக்கம் ஏற்பட்டதும், சிக் சாஷேதான் வேண்டும் என்று மாற்றினார். இந்த யோசனை கடைவாசலைப் பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். பெரிய எஃப்.எம்.சி.ஜி. கம்பெனிகள் முன்னணி ஐ.ஐ.எம்.களில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுக்கும் பிள்ளைகளையும் முதலில் லைனுக்குத்தான் அனுப்புகின்றன. அவர்களும் அதே கடைப்படிதான் ஏறுகிறார்கள்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அந்தக் கம்பெனிகளின் பிராண்ட் நாற்காலிகள் பெரும்பாலும் அந்த எம்.பி.ஏ.க்களுக்கே போகின்றன. நடுத்தரக் கம்பெனிகளிலோ அந்த நாற்காலியில் முதலாளியின் மகனோ மருமகளோ உட்கார்ந்திருப்பார். எனவே, இரண்டு வருஷம் லைனைப் பாருங்கள், கூடவே கேட் தேர்வுக்குப் படியுங்கள். மூன்று வருஷத்தைத் தாண்டினால் ‘சேல்ஸ் ஆள்’ என்ற முத்திரை விழுந்துவிடும், பிறகு துடைப்பது கஷ்டம்.

ஏஜென்சி மோசமில்லை. ஆனால், அங்கே என்ன வேலை என்று கேளுங்கள். விளம்பரச் செலவைக் கையாண்டு, போட்ட ரூபாய்க்கு எத்தனை விற்றது என்று பார்க்கும் வேலை என்றால் என் ஓட்டு கொஞ்சம் ஆடும். தீபாவளி வாழ்த்து போஸ்டருக்கு வாசகம் எழுதும் வேலை என்றால் வேண்டாம். அதை இப்போது மெஷினே எழுதித் தள்ளுகிறது.

கேள்வி: மகளுக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் எம்.பி.ஏ. மார்க்கெட்டிங் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 9 லட்சம். ‘அதிகபட்ச சம்பளம் 18 லட்சம்’ என்று போட்டிருக்கிறார்கள். கடன் வாங்கிச் சேர்க்கலாமா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: அந்த 18 லட்சம் ஒரே ஒரு பிள்ளை வாங்கியதாக இருக்கலாம்மா. போன வருஷம் படித்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு? அதைக் கேளுங்கள். என்ன பதவி என்றும் கேளுங்கள். ‘மார்க்கெட்டிங்’ என்ற பெயரில் போனில் லோன் விற்கும் வேலைகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். 9 லட்சத்தை 10.5 சதவிகித வட்டிக்கு ஏழு வருஷத்தில் கட்டினால் மாதத் தவணை 15,000-ஐத் தாண்டும்; படிக்கும் காலத்து வட்டியை இதில் சேர்க்கவில்லை. கல்லூரி அந்தப் பட்டியலைக் காட்டத் தயங்கினால், முன்பணம் கட்டாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள்.