சாக்கடை சொல்லும் கணக்கு

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சியை விட்டுக் குடைந்தார்களே, ஞாபகம் இருக்கா? "குச்சி எதுக்கு, சாக்கடைத் தண்ணி போதும்"னு அப்போ யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் 2020-ல் ஹைதராபாத்தில் அதைத்தான் செய்தார்கள், நண்பர்களே. சி.சி.எம்.பி., ஐ.ஐ.சி.டி. என்ற இரு மத்திய அரசு ஆய்வுக்கூடங்கள், சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வந்து சேரும் கழிவுநீரைச் சோதித்தன.

தொற்றியவரின் மலத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ. துணுக்குகள் சுமார் 35 நாள் வரை வெளியேறும். இருமலே இல்லாதவரும் இதில் அகப்படுவார். கணக்கு நம்ம ஹைட்ராலிக்ஸ் மாதிரிதான். ஒரு லிட்டரில் உள்ள துணுக்குகளை ஒருநாள் வரத்தால் பெருக்கி, ஓர் ஆள் ஒருநாளில் வெளியேற்றும் அளவால் வகுக்கணும். இந்த வழியில் போய், அந்த 35 நாளில் தொற்றியவர்கள் ஏறத்தாழ 6.6 லட்சம் பேர் என்று ஆகஸ்டில் மதிப்பிட்டார்கள்.

மதுரையிலும் அவனியாபுரம், சக்கிமங்கலத்தில் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. ஆனால் பாதாளச் சாக்கடையில் சேர்ந்த வீடுகள்தான் அங்கே எண்ணிக்கையில் வரும். எங்க தெரு இன்னும் செப்டிக் டேங்க்தான். லாரி வந்து உறிஞ்சிட்டுப் போகும். லாரி கொட்டுற இடத்தில் மாதிரி எடுத்தால் நாங்களும் கணக்கில் வருவோம். எந்தத் தெரு என்பது மட்டும் தெரியாது.