வீட்டு மீன்தொட்டிக்குச் சொற்பச் செலவில் கீழ்த்தொட்டி அமைத்தல்

அலங்கார மீன் வளர்ப்பு, சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் பலருக்கு ஜீவனோபாயமாகவும், கிராமத்து இல்லங்கள் சிலவற்றில் பொழுதுபோக்காகவும் இருந்து வருகிறது. எனினும், மீன் வாங்குவதில் காட்டப்படும் ஊக்கம் ஜலத்தைச் சுத்தமாய் வைப்பதில் காட்டப்படுவதில்லை. சில வாரங்களில் மீன்கள் மடிய, தொட்டி பரணுக்குப் போய்விடுகிறது. இந்நஷ்டத்தைக் குறைக்கும் சாதனங்களுள் ஒன்று, மீன்தொட்டிக்கு அடியில் வைக்கப்படும் இரண்டாந் தொட்டியாகும். இதனைக் கடைகளில் சம்ப் என்பர். இதனைச் சொற்பச் செலவில் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அளவில் தவறு நேர்ந்தால் வீட்டுத்தரை முழுவதும் ஜலமாகும்.

பிரயோஜனம்

மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவைக் கழிக்கின்றன. இது சிறிதளவு சேர்ந்தாலும் அவற்றுக்கு விஷமாகும். கல், ஓட்டுத்துண்டு முதலியவற்றின்மேல் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களுள் ஒருவகை இதனை நைட்ரைட்டாகவும், மற்றொருவகை அந்நைட்ரைட்டை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புன்செய் நிலத்தில் இட்ட அம்மோனியம் சல்பேட்டு மாறுதலடைவதும் இவ்விதமே. இந்நுண்ணுயிர்களுக்கு இடமும் பிராணவாயுவும் வேண்டும். கீழ்த்தொட்டி இவ்விரண்டையும் அளிப்பதோடு, மொத்த ஜலத்தின் அளவையும் பெருக்குகிறது. 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மீன்காட்சிச் சாலையை அமைத்த வில்லியம் ஆல்போர்டு லாயிட் என்பவர், காட்சித் தொட்டிகளைக் காட்டிலும் பெரிய, இருண்ட நீர்த்தேக்கம் ஒன்றைக் கீழே வைத்து ஜலத்தைச் சுற்றி வரச்செய்தார்.

அமைப்பு

மேலேரியின் கலங்கல் வழிந்து கீழேரிக்கு நீர் செல்வதைக் குடியானவர் அனைவரும் அறிவர். இங்கும் அவ்வாறே. மேல்தொட்டியில் குறித்த மட்டத்திற்கு மேற்பட்ட ஜலம் குழாய் வழியாகக் கீழ்த்தொட்டியில் இறங்கும். அங்கு முதல் அறையிலுள்ள ஸ்பாஞ்சு அழுக்கைத் தடுக்கும். இரண்டாம் அறையில் ஓட்டுத்துண்டு அல்லது சரளைக்கல் இருக்கும். மூன்றாம் அறையிலுள்ள பம்பு, ஜலத்தை மீண்டும் மேலே ஏற்றும்.

அளவு

மின்சாரம் நின்றவுடன் மேலிருந்து எவ்வளவு ஜலம் கீழே வருமென்பதே முதலில் கணக்கிடத்தக்கது. பம்பு நின்றபின், ஜலம் ஏறிய குழாய் வழியாகவே அது திரும்பி இறங்கும். குழாயின் வாய் ஜலத்திற்கு வெளியே வரும்வரை இது நிற்காது.

உதாரணமாக, மேல்தொட்டி 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உடையதாயின், ஒரு செ.மீ. ஆழத்தில் 5.4 லிட்டர் ஜலம் இருக்கும். குழாயின் வாய் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் சுமார் 16 லிட்டர் இறங்கும். அவ்வாயே 15 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 81 லிட்டர் இறங்கும். கீழ்த்தொட்டி 75 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உடையதாய், அதில் 25 செ.மீ. ஜலம் ஓடிக்கொண்டிருந்தால், மிச்சமுள்ள இடம் 39 லிட்டருக்கே போதும். முதல் வகையில் அபாயமில்லை. இரண்டாம் வகையில் 40 லிட்டருக்கு மேல் தரையில் கொட்டும். ஆதலால் குழாயின் வாயை மேல்மட்டத்தை ஒட்டியே வைத்தல் வேண்டும். ஜலமட்டத்திற்குச் சற்றுக் கீழே குழாயில் சிறு துவாரமிடுவதும் நன்று. ஆனால் பாசி அதனை அடைத்துவிடுமாகையால், அதனை மாத்திரம் நம்புதல் கூடாது.

இதற்கு மாறாக, இலையோ நத்தையோ வழிகுழாயை அடைத்துக்கொண்டால், பம்பு தன் அறையிலுள்ள ஜலம் முழுவதையும் மேலே ஏற்றிவிடும். அவ்வறை 25 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் உடையதாய், 20 செ.மீ. ஜலம் கொண்டிருந்தால், அது 17.5 லிட்டராகும். அதைத் தாங்க மேல்தொட்டியில் 4 செ.மீ. காலியிடம் விடுதல் வேண்டும்.

வாங்குவதா, செய்வதா?

புதிய கீழ்த்தொட்டியில் தடுப்புக் கண்ணாடிகளை வெட்டி ஒட்டும் கூலியும் சேர்வதால் கிரயம் கூடுகிறது. பழைய மீன்தொட்டி ஒன்றை வாங்கி, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலவாத சிலிகான் பசையால் தடுப்புகளை ஒட்டி, பசை நன்றாய் உலர்ந்தபின் உபயோகிப்பது சிக்கனமானது. பிளாஸ்டிக் தொட்டி இன்னும் மலிவு. ஆனால் அதில் இப்பசை உறுதியாய்ப் பிடிப்பதில்லை. ஜலம் நிறைந்தால் பக்கங்களும் புடைக்கும். அதில் தடுப்புகளுக்குப் பதிலாக, துளையிட்ட வாளியில் ஓட்டுத்துண்டுகளை நிரப்பி, வழிகுழாயின் கீழ் வைத்தல் போதும். துத்தநாகம் பூசிய தகரத் தொட்டியும் செப்புக் குழாயும் மீனுக்கு ஆகா.

பம்பு மணிக்கு மேல்தொட்டி ஜலத்தைப் போல் நான்கைந்து மடங்கு ஏற்றவல்லதாயிருத்தல் வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவு, உயரமின்றி ஓடும்போது கிடைப்பதாகும். உயரம் கூடக்கூட அது குறையும்.

பரீட்சை

மீன் விடுமுன் தொட்டிகளை நிரப்பிப் பம்பை ஓட்டி, மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். பிறகு வழிகுழாயை அடைத்தும் பார்க்கவேண்டும். இரு பரீட்சைகளிலும் ஒரு துளியும் தரையில் சிந்தாதிருந்தால் அமைப்பு சரியானதே. மின்கம்பி, பிளக்குக்குச் செல்லுமுன் ஒருமுறை தாழத் தொங்கி மேலேறுமாறு இருத்தல் அவசியம்; இல்லையேல் கம்பி வழியே ஜலம் பிளக்கினுள் இறங்கும்.

நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லுமாதலால், முதலில் சில மீன்களையே விட்டு, பின்னர்ப் படிப்படியாய்ச் சேர்த்தல் உசிதம். ஓட்டுத்துண்டுகளைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவலாகாது. தொட்டியிலிருந்து எடுத்த ஜலத்திலேயே அலசவேண்டும். அந்த ஜலம் தோட்டத்துச் செடிகளுக்கு நல்ல உரமாகும்.