அசைன்மென்ட் எழுதப் போகிறாயா? கூகுளைத் திறக்கும் முன் அக்கா சொல்வதைக் கேள்!

கல்லூரி சேர்ந்த புதிதில் தங்கைகளும் தம்பிகளும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, இந்தத் தலைப்புக்கு மேட்டர் எங்கே கிடைக்கும்?" எப்படி எழுதுவது என்று யாரும் கேட்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை குறிப்புச்சட்டகம், முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதித்தானே மார்க் வாங்கினோம்? வினாத்தாள் கேட்கும், நாம் பதில் எழுதுவோம். கல்லூரியில் ஆசிரியர் வெறும் தலைப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கேள்வியை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒன்றைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் தலைப்பைக் குறுக்கு

'தமிழ்நாட்டில் மதிய உணவுத் திட்டம்' என்று ஒரு தலைப்பு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள். வகுப்பில் பாதிப் பேர் என்ன எழுதுவார்கள்? 1920-ல் சென்னை மாநகராட்சி, 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர்., பிறகு முட்டை, 2022-ல் காலை உணவு. எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் அது பட்டியல், கட்டுரை இல்லை.

அதே தலைப்பில் இப்படிக் கேட்டுப் பார்: சத்துணவு மையங்கள் கிராமத்துப் பெண்களுக்கு எந்த மாதிரியான வேலையைக் கொடுத்தன? இப்போது எதைத் தேடுவது, எதை விடுவது என்று தெரிகிறது இல்லையா? கொஞ்சம் படித்த பிறகு உன் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுது. உதாரணமாக, 'குழந்தைகளின் பசிக்காக வந்த திட்டம் பெண்களுக்கு அரசுச் சம்பளம் வாங்கும் வாய்ப்பையும் தந்தாலும், அதை முழுநேர அரசு வேலையாக அரசு ஏற்கவில்லை.' இதைத்தான் ஆசிரியர்கள் தீசிஸ் ஸ்டேட்மென்ட் என்கிறார்கள். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. படித்தவர் யாராவது 'அப்படி ஒன்றும் இல்லை' என்று சண்டைக்கு வர முடிய வேண்டும். 'சத்துணவு நல்ல திட்டம்' என்றால் யார் சண்டைக்கு வருவார்கள்?

எங்கே கற்றுக்கொள்வது?

காசு கொடுக்காதே. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 'ஆன்லைன் ரைட்டிங் லேப்' என்ற தளத்தை 1990-களிலிருந்து எல்லோருக்கும் இலவசமாக நடத்துகிறது. ஆவுல் என்று செல்லமாகச் சொல்வார்கள். எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ. முறையில் ரெஃபரன்ஸ் எழுதச் சந்தேகம் வந்தால் அங்கே போ. ஆங்கில இலக்கிய மாணவர்கள் பெரும்பாலும் எம்.எல்.ஏ., உளவியல், கல்வியியல் பக்கம் ஏ.பி.ஏ. உன் துறையில் எது என்று முதல் நாளே கேட்டுக்கொள். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் ரைட்டிங் சென்டர் கையேடுகள் இன்னும் எளிமை. அதில் தீசிஸ் ஸ்டேட்மென்ட், பத்தி அமைப்பு இரண்டை மட்டும் படித்தால் போதும். தமிழ் மீடியத்திலிருந்து வந்து ஆங்கிலத்தில் எழுதத் திணறுகிறாயா? மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க்' உனக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஒரு கருத்தை மறுக்க, ஒப்பிட, தயக்கத்தோடு சொல்ல என்னென்ன வாக்கிய அமைப்புகள் உண்டு என்று வகை வகையாக வைத்திருக்கிறார்கள். பொதுவான அமைப்புகள் என்பதால் எடுத்துப் பயன்படுத்துவது காப்பி ஆகாது.

மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும் இதற்கான பாடங்கள் வருகின்றன. படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். ஆனால் ஒன்று சொல்கிறேன். நாலு கோர்ஸில் பெயர் கொடுத்து, நாலு சர்ட்டிஃபிகேட் வாங்கி, ஒரு பக்கம்கூட எழுதாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். கையில் ஒரு அசைன்மென்ட்டை வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது போய்ப் படிப்பதுதான் மனதில் நிற்கும்.

தேடுவது தனி வித்தை

சாதாரண கூகுளை மூடிவிட்டு கூகுள் ஸ்காலரைத் திற. 2004-லிருந்து இருக்கிறது, இன்னும் பல மாணவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கேயும் முழு வாக்கியத்தைத் தட்டாதே, சொற்களைத் தட்டு. ஒரே விஷயத்துக்குப் பல பெயர்கள் இருக்கும் என்பதை மறக்காதே. நம் உதாரணத்தையே எடுத்துக்கொள். 'மிட்டே மீல்' என்று தேடினால் ஒரு குவியல், 'நூன் மீல்' என்றால் வேறு குவியல், 'நியூட்ரிஷியஸ் மீல்' என்றால் தமிழ்நாட்டுத் திட்டம் தனியாக வரும். மத்திய அரசு 2021-ல் தன் திட்டத்தின் பெயரை 'பி.எம். போஷன்' என்று மாற்றியது. அதற்குப் பிந்தைய ஆய்வுகள் அந்தப் பெயரிலும் இருக்கும். தேடும் முன் ஒரு தாளில் இந்த மாற்றுப் பெயர்களை எழுதி வைத்துக்கொள். இரண்டு சொற்கள் சேர்ந்தே வர வேண்டும் என்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடு.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்ததா? அதற்குக் கீழே 'சைட்டட் பை' என்று சின்னதாக ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால், அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி அதற்குப் பின் எழுதப்பட்டவை எல்லாம் வரிசையாக வரும். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் உள்ள நூற்பட்டியல் உன்னைப் பின்னோக்கி அழைத்துப் போகும். இந்த இரண்டு திசையிலும் நடந்தாலே அந்தத் துறையில் யார் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பிடிபட்டுவிடும். காசு கேட்கும் கட்டுரை என்றால் 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதை அழுத்திப் பார். பல நேரம் ஆசிரியரே இலவசப் பிரதியை வேறோர் இடத்தில் போட்டிருப்பார்.

அடுத்தது ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பி.எச்டி. ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் அங்கே கொட்டிக் கிடக்கின்றன, தமிழில் எழுதியவையும் உண்டு. எல்லாமே தரமானவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றின் நூற்பட்டியல் மட்டுமே பெரிய புதையல். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதத்துக்கு 100 கட்டுரை வரை இணையத்திலேயே படிக்கலாம். அரசுக் கல்லூரியில் படிக்கிறாய் என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் உன் கல்லூரி இருக்கிறதா என்று நூலகரைக் கேள். இருந்தால், பல ஆயிரம் ஆய்விதழ்களை உன் கல்லூரிக் கணக்கிலேயே படிக்கலாம். நூலகர்களைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம், யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவர்கள் வருத்தமே.

தமிழ் நூல்களுக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், இலங்கை எழுத்துகளுக்கு 'நூலகம்' என்ற தளமும் இருக்கின்றன. அரசுத் திட்டம் பற்றி எழுதினால் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைத் தவறவிடாதே. ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைப்பார்கள், தமிழ்நாடு அரசின் தளத்தில் தமிழிலேயே கிடைக்கும். மையங்கள் எத்தனை, பணியாளர் எத்தனை, ஒதுக்கீடு எவ்வளவு எல்லாம் அதில் உண்டு.

நம்பலாமா இந்தத் தளத்தை?

2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வரலாற்று அறிஞர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், செய்தி சரிபார்ப்பவர்கள் மூன்று தரப்புக்கும் சில இணையதளங்களைக் காட்டி, நம்பகமானவையா என்று கேட்டார்கள். படிப்பாளிகளான முதல் இரு தரப்பில் பலரும் அந்தப் பக்கத்திலேயே மேலும் கீழும் படித்து, பளபளப்பான லோகோவிலும் பெயரிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு டேபில் தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். நீயும் அதையே செய். விக்கிபீடியாவையும் இதற்குத் தாராளமாகப் பயன்படுத்து. அதை ரெஃபரன்ஸாகப் போடாதே, கீழே உள்ள அடிக்குறிப்புகளுக்குப் போ.

குறிப்பெடுக்கும்போதே கவனம்

காப்பி அடிக்கும் எண்ணமே இல்லாதவர்கள்கூட மாட்டிக்கொள்வது இங்கேதான். எங்கேயோ பார்த்ததை அப்படியே ஒட்டி வைப்பது, ஒரு வாரம் கழித்து அது நம் சொந்த வாக்கியம் என்று நினைத்துவிடுவது. அதனால் ஒட்டியது எதுவானாலும் உடனே மேற்கோள் குறி, பக்க எண். ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள். நூல் விவரங்களைச் சேமித்து, கடைசியில் நூற்பட்டியலையும் அதுவே போட்டுத் தரும். ஆனால் பெயர், ஆண்டு சரியா என்று ஒரு முறை கண்ணால் பார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் நடவடிக்கை உண்டு. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். அதற்காக ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் வேறொரு சொல்லைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்காதே, அதுவும் திருட்டுதான். நல்ல வழி ஒன்று: படித்ததை மூடி வை. வீட்டில் யாரிடமாவது, "இவங்க என்ன சொல்றாங்கன்னா..." என்று தமிழில் சொல்லிக் காட்டு. சொல்ல வந்ததை அப்புறம் எழுது. புரியாமல் இருந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே தடுக்கும்.

ஏ.ஐ. பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன்

இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் வரை கற்பனை செய்து தரும் அது. 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை அப்படியே மனுவில் போட்டார்கள். அப்படி வழக்குகளே நடக்கவில்லை என்று தெரிந்து, நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். ஏ.ஐ. தரும் ஒவ்வொரு ரெஃபரன்ஸையும் ஸ்காலரில் தேடு, கிடைக்காவிட்டால் எடுத்துவிடு. நீ எழுதியதைக் கொடுத்து 'இதில் எந்த வாதம் பலவீனம்?' என்று கேட்பது பயனுள்ளது. கல்லூரி அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் முன்பே தெரிந்துகொள்.

எழுத உட்காரும்போது

முன்னுரையிலிருந்து தொடங்காதே, நடுவிலிருந்து தொடங்கு. ஒரு பத்திக்கு ஒரு கருத்து, அதற்கு ஆதாரம், அந்த ஆதாரம் உன் வாதத்துக்கு எப்படி உதவுகிறது என்று உன் சொந்த வார்த்தை. இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். முன்னுரையைக் கடைசியில் எழுது. 'இன்றைய நவீன உலகில்' என்று தயவுசெய்து ஆரம்பிக்காதே, திருத்துகிற ஆசிரியர்கள் பாவம்.

போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் படிப்பதற்கு அது போதும். நீளமாக எழுத கல்லூரி லேபையோ, மாவட்ட மைய நூலகத்தையோ, சென்னையில் என்றால் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையோ, மதுரையில் என்றால் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையோ பயன்படுத்திக்கொள்.

இந்த வாரமே உன் தலைப்பை ஒரு கேள்வியாக மாற்றி, ஒரே வரியில் எழுதி, ஆசிரியரிடம் காட்டு. "மேடம், இந்தக் கேள்வி சரியா?" என்று கேட்கும் மாணவியை எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்ப மாட்டார்.