ஒற்றைத் தலைவலி: தெரிந்து கொள்வோம்

"பரீட்சை வந்தா மட்டும் உனக்குத் தலைவலி வருதே" என்று கேலி செய்பவர்களும் இதைப் படிக்கணும்.

எனக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன். இது மூளை, நரம்பு சம்பந்தப்பட்ட நோய். நடிப்பு இல்லைங்க! முதலில் கண்முன் மின்னல் மாதிரி கோடுகள் நெளியும். பிறகு ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும். வாந்தி வரும். வெளிச்சம் ஆகாது. அப்பாவின் தறிச் சத்தம்கூட சம்மட்டி அடி போலக் கேட்கும். பெரியவர்களுக்கு மருந்தில்லாமல் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம்.

ஏன் வருகிறது? முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பு, சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளைச் சுரக்கிறது. மூளை உறையின் இரத்தக் குழாய்கள் விரிந்து வலி பெருகுகிறது. இதை ஆராய்ந்த 4 அறிஞர்களுக்கு 2021-ல் 'மூளைப் பரிசு' கிடைத்தது.

எங்க ஆயா சுக்குப் பற்றுப் போடுவார். இதமாகத்தான் இருக்கும். ஆனால் கடையில் வலி மாத்திரை வாங்கி வாங்கிப் போடுவதுதான் ஆபத்து. மாதத்தில் 15 நாள், அதற்கு மேல் என்று மாதக்கணக்கில் போட்டால், மாத்திரையாலேயே தலைவலி வரும்!

டாக்டர் என்னை வலி வந்த நாள், தூங்கிய நேரம், சாப்பிட்ட நேரம் எல்லாம் நோட்டில் எழுதச் சொன்னார். பார்த்தால், காலையில் சாப்பிடாத நாளும் ஏரிக்கரை வெயிலில் கிரிக்கெட் ஆடிய நாளும்தான் அதிகம். அடிக்கடி வருபவர்களுக்கு, வராமல் தடுக்கத் தினமும் போடும் புரொப்ரனலால் போன்ற மாத்திரைகள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. அதனால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது.

திடீரென்று தாங்க முடியாத வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் விளங்காமல் போவது என்றால் வேறு நோயாக இருக்கலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.