பேரீச்சம்பழமும் வெள்ளரிக்காயும்



நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை வெள்ளரிக்காயுடன் சேர்த்துச் சாப்பிட்டதைத் தாம் கண்டதாக அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உள்ளது. தர்பூசணியுடன் சேர்த்துச் சாப்பிட்டதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது அபூதாவூதில் வருகிறது. ஒன்றின் சூட்டை மற்றதன் குளிர்ச்சி முறிக்கும் என்பதே அண்ணலார் சொன்ன காரணம்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்குதான் உணவுக்கு என்ற திர்மிதி ஹதீஸை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அது அளவு. இது சேர்மானம். இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

நம் நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, மல்லி, புதினா. நாளெல்லாம் காய்ந்த வயிற்றுக்குத் தண்ணீரும் மாவுச்சத்தும் புரதமும் ஒரே கோப்பையில். பெரியவர்கள் யோசித்துத்தான் காய்ச்சியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நாம் வைப்பதோ வடை, சமோசா, பஜ்ஜி, கலர் சர்பத். முதலில் தீர்வது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரமளான் போனாலும் தட்டு மாறுவதில்லை. பள்ளியில் நாற்காலிகள் கூடிக்கொண்டே போகின்றன. முழங்கால் உடல் எடையைத் தாங்காமல், நாற்பது வயதிலேயே ஸுஜூதுக்கு மஸ்அலா கேட்டு வருகிறார்கள். முடியாதவர் அமர்ந்து தொழலாம், சொல்லிவிடுகிறேன். மனசு கேட்பதில்லை. ஓயாமல் நோன்பு வைத்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடமே, உடலுக்கும் ஹக் உண்டு என்று அண்ணலார் நினைவூட்டினார்கள். ஓயாமல் உண்ணும் நாம் எந்த மூலைக்கு?

இன்று ஜும்ஆ முடிந்து போனால் பல வீடுகளில் பிரியாணி இருக்கும். சாப்பிடுங்கள், ஹலாலானதுதான். ஒரு கரண்டி குறைத்துக்கொண்டு, ஒரு வெள்ளரிக்காயை நறுக்கி வைக்கச் சொல்லுங்கள். நீங்களே நறுக்கினால் இன்னும் நல்லது.