எதிர்பார்த்த வகுப்புக்கு ஒரு படி கீழே



அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு சேரும் மாணவர் எந்தக் கணித வகுப்பில் தொடங்க வேண்டும் என்பதை முடிவுசெய்ய நடத்தப்படும் தேர்வுக்குப் பிளேஸ்மென்ட் டெஸ்ட் என்று பெயர். தமிழ்நாட்டில் பிளேஸ்மென்ட் என்ற சொல் படிப்பு முடியும்போது வளாகத்திலேயே வேலை கிடைப்பதைக் குறிப்பதால், ஊரிலிருக்கும் உறவினருக்கு இதை விளக்குவதே சற்றுக் கடினம். மாற்றத்தின் வேகத்தைக் கணக்கிடும் நுண்கணிதத்தில், அதாவது கால்குலஸில், நேரடியாகச் சேர்ந்துவிடலாம் என்று நம்பியிருந்து, அதற்கு முந்தைய படியான ப்ரீகால்குலஸிலோ அதற்கும் கீழுள்ள கல்லூரி இயற்கணிதத்திலோ அமர்த்தப்பட்ட மாணவிக்காக இக்கடிதம் எழுதப்படுகிறது. அந்த முடிவு சரியா என்று பார்ப்பது ஒரு வேலை, சரியென்றால் கிடைத்த பருவத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பது வேறொரு வேலை. ஏமாற்றத்தின் முதல் வாரத்தில் இவ்விரண்டும் கலந்துவிடுவதால்தான் பலர் இரண்டையுமே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவில் பொறியியல் படித்த பெற்றோருக்கு இத்தேர்வு பிடிபடாமல் போவதில் வியப்பில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் சேரும் மாணவர், பிளஸ் டூவில் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும், முதற்பருவத்தில் மற்ற எல்லோருடனும் ஒரே கணிதத் தாளைத்தான் படிக்கிறார். ஆகவே மகள் ஒரு படி கீழே வைக்கப்பட்டாள் என்ற செய்தி அவர்கள் காதில் அரியர் விழுந்ததைப் போலவே ஒலிக்கிறது. அரியர் என்பது படித்து முடித்த பாடத்தில் தேறாமை. பிளேஸ்மென்ட் என்பது இன்னும் தொடங்காத பாடத்துக்கு எங்கிருந்து புறப்படுவது என்ற கணிப்பு. இந்த வேறுபாட்டை வீட்டில் ஒருமுறை அமைதியாக விளக்கிவிட்டால் மனத்தின் பாதிச் சுமை இறங்கிவிடும்.

பல கல்லூரிகள் இதற்குப் பயன்படுத்தும் கருவி அலெக்ஸ் என்னும் கணினித் தேர்வு. அது கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் உருவாக்கப்பட்டது; அதன் அடிப்படை, ழான்-போல் துவாஞோன், ழான்-குளோத் ஃபால்மாஞ் என்ற இரு அறிஞர்கள் 1985இல் முன்வைத்த அறிவுவெளிக் கோட்பாடு. ஒரு பாடத்திலுள்ள கருத்துகள் ஒன்றன்மீது ஒன்று ஏறி நிற்பவை என்பதால், ஒருவருக்கு எவையெல்லாம் தெரியும் என்ற தொகுப்பை அறிந்தால், அடுத்து அவரால் எவற்றைக் கற்க முடியும் என்பதையும் சொல்லிவிடலாம் என்பதே அக்கோட்பாட்டின் சாரம். தேர்வில் அதிகபட்சம் 30 கேள்விகள்தான் வரும். ஒவ்வொரு விடைக்கும் ஏற்ப அடுத்த கேள்வி மாறுவதால், இரண்டு மாணவர்களுக்கு ஒரே வினாத்தாள் அமைவதில்லை. இறுதியில் வரும் எண்ணைப் பார்த்துவிட்டுத் திரையை மூடிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை, ஏனெனில் அந்த எண்ணைவிட மதிப்புள்ளது அதன் கீழே வரும் வட்டப்படம். பின்னங்கள், படிக்குறிகள், மடக்கைகள், முக்கோணவியல் என்று துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும் அவ்வட்டத்தில் எந்தத் துண்டு நிறைந்திருக்கிறது, எது பாதியில் நிற்கிறது என்பது வண்ணத்திலேயே தெரியும். முக்கோணவியல் மட்டும் காலியாக இருக்கும் மாணவியும், எல்லாத் துண்டுகளிலும் சிறிது சிறிது குறைந்திருக்கும் மாணவியும் ஒரே எண்ணைப் பெற்று ஒரே வகுப்பில் அமரலாம். அவர்களுக்கு வேண்டிய மருந்து ஒன்றல்ல.

கணிப்பு தவறாகவும் போகும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் 2012இல் வெளியிட்ட ஆய்வு, சமுதாயக் கல்லூரிகளில், அதாவது இரண்டாண்டுப் படிப்பை வழங்கும் உள்ளூர் அரசுக் கல்லூரிகளில், கணிதப் பிளேஸ்மென்ட் தேர்வு எழுதியவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பெரிதும் பொருந்தாத இடத்தில் வைக்கப்படுவதாகவும், உயர்நிலைப்பள்ளி மதிப்பெண்ணே அத்தேர்வைவிட நல்ல வழிகாட்டி என்றும் காட்டியது. அத்தகைய ஆய்வுகள் எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக, ஏசிடி நிறுவனம் காம்பஸ் என்னும் தன் பிளேஸ்மென்ட் தேர்வை 2016இல் நிறுத்திக்கொண்டது. கலிபோர்னியாவில் 2017இல் இயற்றப்பட்ட ஏபி 705 என்னும் சட்டம், பள்ளி மதிப்பெண்ணைக் கொண்டே மாணவரை அமர்த்துமாறு சமுதாயக் கல்லூரிகளைப் பணித்தது. ஆகவே, பள்ளியில் கணிதத்தில் தொடர்ந்து நல்ல மதிப்பெண் பெற்ற மாணவி, கோடை விடுமுறையின் நடுவில் தயாரிப்பின்றி எழுதிய ஒரு தேர்வால் கீழே வைக்கப்பட்டிருந்தால், மறுதேர்வு கேட்பது பிடிவாதம் ஆகாது. அலெக்ஸில் மறுமுறை எழுதப் பெரும்பாலான கல்லூரிகள் இடம் தருகின்றன. இடைப்பட்ட நாள்களில் குறைந்த பகுதிகளைப் படித்துக்கொள்ள அதற்குள்ளேயே பாடங்களும் இருக்கின்றன. அதே நேரத்தில், கண்காணிப்பின்றி வீட்டில் எழுதும் தேர்வில் அண்ணனின் உதவியோடு உயர்ந்த எண்ணைப் பெற்றுவிடுவது, அக்டோபரில் வரும் முதல் இடைத்தேர்வில் தனியாக அகப்பட்டுக்கொள்வதற்குச் சமம்.

மறுதேர்விலும் முடிவு மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், நுண்கணித வகுப்பில் உண்மையில் எது மாணவரைக் கவிழ்க்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். க என்ற எண்ணின் தலைகீழ் 1/க. க சற்றே மாறும்போது இந்தத் தலைகீழ் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் கேள்வி. இதைக் காண, க என்பது ச என்ற சிறிய அளவு கூடுவதாகக் கொண்டு, 1/(க+ச) என்பதிலிருந்து 1/க என்பதைக் கழித்து, வருவதை ச-ஆல் வகுக்க வேண்டும். பின்னர் ச-வைப் பூச்சியத்தை நோக்கிச் சுருக்கிக்கொண்டே போக வேண்டும். கழித்தலுக்குப் பொதுப் பகுதி க(க+ச); தொகுதியில் வருவது க − (க+ச), அதாவது −ச. அதை ச-ஆல் வகுத்தால் −1/(க(க+ச)) கிடைக்கும். ச மறையும்போது அது −1/க² ஆகும். இந்தக் கணக்கில் நுண்கணிதம் என்று சொல்லத்தக்கது ச-வைச் சுருக்கும் அந்தக் கடைசி அடி மட்டுமே. அதற்கு முன்னுள்ளவை யாவும் பின்னங்களைக் கழிப்பதும் அடைப்புக்குறியைப் பிரிப்பதும்தான், அதாவது எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் கற்றவை. அவசரத்தில் அடைப்புக்குறியை விட்டுவிட்டு க − க + ச என்று எழுதும் மாணவிக்கு +ச கிடைக்கிறது, விடையும் 1/க² என்று நேர்க்குறியோடு வந்து நிற்கிறது. அவ்விடையின் பொருள், எண் கூடக்கூட அதன் தலைகீழும் கூடும் என்பது. அரையைவிட மூன்றில் ஒன்று சிறியது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் விடையைத் திரும்பப் பார்க்க நேரமில்லாததால் பிழை அப்படியே தங்கிவிடுகிறது. நுண்கணிதம் புரியவில்லை என்று அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்கிறார்; புரியாதது நுண்கணிதமன்று, கைநழுவியது ஓர் அடைப்புக்குறி.

இதைப் போன்றதே, க²+9 என்பதன் வர்க்கமூலத்தை க+3 என்று எழுதிவிடும் பழக்கம். க-வுக்கு 4 என்று இட்டுப் பார்த்தால் மெய்யான விடை 5, எழுதிய விடையோ 7. ஒரு நிமிடச் சோதனையில் வெளிப்பட்டுவிடும் இப்பிழை ஆண்டுக்கணக்கில் பலரிடம் உயிரோடிருக்கிறது. விதியைக் கேட்டால் சொல்லத் தெரிந்திருப்பது அறிவு. வேறொன்றைச் சிந்தித்துக்கொண்டிருக்கும்போதும் கை அவ்விதியைத் தவறாமல் கடைப்பிடிப்பது சரளம். நுண்கணித வகுப்பு அறிவைக் கற்பிக்க முன்வருகிறது, ஆனால் சரளம் ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஓடுகிறது. ஓர் ஆசிரியர் கரும்பலகையில் மூன்று அடிகளை ஒன்றாக்கி எழுதும்போது, விடுபட்ட இரண்டையும் மனத்தால் நிரப்ப இயலாதவர் அந்த மணிநேரம் முழுவதையும் இழந்துவிடுகிறார். கீழ்ப்படி வகுப்பு தரக்கூடிய மிகப் பெரிய நன்மை இந்தச் சரளத்தைக் கைக்குள் கொண்டுவர ஒரு முழுப் பருவம் கிடைப்பதுதான்.

ஆனால் அவ்வகுப்பில் உட்கார்ந்திருந்தால் மட்டும் அது வந்துவிடாது. ஹார்வர்டைச் சேர்ந்த கெர்ஹார்ட் சோனர்ட், பிலிப் சாட்லர் ஆகிய இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், முன்தயாரிப்பில் ஒத்திருந்த மாணவர்களை ஒப்பிட்டபோது, கல்லூரியில் ப்ரீகால்குலஸ் படித்துவிட்டு நுண்கணிதத்துக்கு வந்தவர்கள், அதைப் படிக்காமல் நேரே வந்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டிருக்கவில்லை. இம்முடிவு கசப்பானது, ஆயினும் மாணவி அறிந்திருக்க வேண்டியது. பள்ளியில் பார்த்த தலைப்புகளே மீண்டும் வருவதால், இதெல்லாம் தெரிந்ததுதானே என்ற எண்ணத்தில் முதல் ஆறு வாரங்கள் கழிந்துவிடுவதும், மடக்கையும் முக்கோணவியலும் வரும்போது பழகாத கை தடுமாறுவதும் இதற்குக் காரணமாகலாம்.

வேறு வழி ஒன்று உண்டு என்பதை 1970களில் பெர்க்லியில் நுண்கணித மாணவர்களைக் கூர்ந்து கவனித்த யூரி டிரைஸ்மன் காட்டினார். கறுப்பின மாணவர் பலர் முதல் நுண்கணித வகுப்பிலேயே தோற்பதன் காரணத்தைத் தேடிய அவர், ஊக்கமின்மை, குடும்ப ஆதரவின்மை, வறுமை, பள்ளிப் படிப்பின் குறை என்று ஆசிரியர்கள் கூறிய எதுவும் பொருந்தாததைக் கண்டு, அவர்களையும் சீன வம்சாவளி மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே சென்று பார்த்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியே உழைத்தார்கள். சீன மாணவர்கள் தனியே படித்த பின் ஒன்றுகூடி, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்து, யாருக்கும் வராத கணக்கைச் சேர்ந்து மோதிப் பார்த்தார்கள். தனியே படிப்பவருக்குத் தம் பிழை தமக்கு மட்டுமே உரியதா, அந்தக் கணக்கே எல்லோருக்கும் கடினமா என்று தெரிய வழியில்லை. டிரைஸ்மன் அமைத்த பயிலரங்குகளில் எளிய பாடங்களை மறுபடி நடத்தவில்லை. வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் குழுவாகச் செய்யவைத்தார், பங்கேற்றவர்களின் தேர்ச்சியும் பெரிதும் உயர்ந்தது. ப்ரீகால்குலஸில் அமர்த்தப்பட்ட மாணவி இங்கிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது தெளிவானது: வகுப்பு ஒரு படி கீழே இருக்கலாம், ஆனால் பாடநூலில் ஒவ்வொரு பயிற்சியின் இறுதியிலும் இருக்கும், யாரும் வீட்டுப்பாடமாகத் தராத கணக்குகளை இருவர் மூவராக அமர்ந்து செய்யும்போது வேலை கீழ்ப்படியில் இருக்காது.

ப்ரீகால்குலஸுக்கும் கீழே, பட்டத்துக்குக் கணக்கில் வராத சீரமைப்பு வகுப்பில் வைக்கப்பட்டவரின் நிலை வேறு. அங்கே கட்டணமும் காலமும் போகும், கிரெடிட் வராது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் அத்தகைய 907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி 2016இல் வெளியான சோதனையில், சீரமைப்பு இயற்கணிதத்தில் அமர்த்தப்பட்டோரில் 39 விழுக்காட்டினரும், அதே வகுப்போடு பயிலரங்கும் பெற்றோரில் 45 விழுக்காட்டினரும் தேறினார்கள்; நேரே கல்லூரிப் புள்ளியியலில் பயிலரங்கோடு அமர்த்தப்பட்டோரிலோ 56 விழுக்காட்டினர் தேறினார்கள். முதன்மை வகுப்பையும் துணை வகுப்பையும் ஒரே பருவத்தில் இணைக்கும் இம்முறைக்குக் கோரெக்விசிட் என்று பெயர், எனவே அது தம் கல்லூரியில் உண்டா என்று கேட்காமல் சீரமைப்பு வகுப்பில் பெயரைப் பதிந்துவிடக் கூடாது. உளவியலோ செவிலியமோ படிக்கப் போகிறவருக்குப் புள்ளியியலே போதுமானதாக இருக்கலாம். பொறியியலுக்கும் இயற்பியலுக்கும் நுண்கணிதத்தைத் தவிர்க்க இயலாது.

பொறியியல் மாணவிக்கு எஞ்சும் கவலை காலத்தைப் பற்றியது, அது நியாயமானதும்கூட, ஏனெனில் முதல் நுண்கணிதம் முடியாமல் இரண்டாவது இல்லை, அதைச் சார்ந்த இயற்பியலும் இல்லை, இயற்பியல் இல்லாமல் துறைப் பாடங்கள் திறப்பதில்லை. இந்தச் சங்கிலியில் ஒரு பருவம் பின்தங்குவதைக் கோடை வகுப்பு ஒன்றினால் ஈடுசெய்யலாம். எந்தக் கோடையில், எந்தக் கல்லூரியில், அந்தக் கிரெடிட் மாற்றிக்கொள்ளப்படுமா என்பவற்றை அட்வைசரிடம், அதாவது பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் அலுவலரிடம், முதற்பருவத்திலேயே எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. வகுப்பு மாற்றிக்கொள்ளும் காலக்கெடு பெரும்பாலும் முதல் ஓரிரு வாரங்களோடு முடிந்துவிடுவதால், மறுதேர்வு எழுதும் எண்ணமிருந்தால் அதை வகுப்பு தொடங்குமுன் முடிக்க வேண்டும். அது எப்படி முடிந்தாலும், முதல் வாரத்தில் ஆசிரியரின் ஆபீஸ் அவர்ஸுக்கு, அதாவது மாணவர் முன்பதிவின்றிச் சென்று சந்திக்கும் நேரத்துக்கு, அந்த வட்டப்படத்தை அச்செடுத்துக்கொண்டு செல்லலாம். பாதி நிறைந்த துண்டு ஒன்றைச் சுட்டிக்காட்டி, இது பாடத்திட்டத்தில் எந்த வாரம் வரும், அதற்குமுன் எந்தக் கணக்குகளைச் செய்திருக்க வேண்டும் என்று கேட்டால், அவர் பக்க எண்களைக் குறித்துக் கொடுப்பார்.