விளையாட்டை வெறுக்கச் செய்வது யார்?

மூன்று வயதுப் பிள்ளை நடப்பதைவிட ஓடுவதையே விரும்பும். விழுந்தாலும் எழுந்து மீண்டும் ஓடும். அதே பிள்ளை பதின்மூன்று வயதில் மைதானத்தின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கக் காண்கிறோம். இடையில் நடந்தது என்ன?

முயன்றாலே தாம் வல்லவர்கள் என்று சின்னஞ்சிறார் எண்ணுகின்றனர். ஏழெட்டு வயதுக்கு மேல்தான் தம்மைப் பிறரோடு ஒப்பிடத் தொடங்குகின்றனர். "உனக்கு ஓடவே வராது" என்ற கேலி அப்போதுதான் உள்ளத்தில் தைக்கிறது. பெண் பிள்ளைக்கோ, வயதுக்கு வந்ததும் முற்றமே மூடிவிடுகிறது. 5 முதல் 17 வயதுவரை நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடல் நன்கு இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டு நிலவரப்படி, 11 முதல் 17 வயதுக்குள் ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேரும், பெண் பிள்ளைகளில் 85 பேரும் இந்த அளவை எட்டவில்லை.

விளையாட்டு ஓதலுக்குப் பகை என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இதற்கு மாறாகவே கூறுகின்றார்கள். ஓதிவிட்டு வந்த பிள்ளையை நல்ல விளையாட்டில் களைப்பாற விடவேண்டும். எந்நேரமும் பாடத்திலேயே வாட்டினால் அதன் உள்ளம் மடிந்து, அறிவு மங்கி, ஓதலிலிருந்து தப்பவே வழி தேடும் என்பது அவர்களின் எச்சரிக்கை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்பாஸ் (ரலி) அவர்களின் மக்களை வரிசையாக நிறுத்தி, தம்மிடம் முந்தி வருபவருக்குப் பரிசு என்று ஓடவிட்டதாக முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். ஓடிவந்து மேலே விழுந்த பிள்ளைகளை அணைத்து முத்தமிட்டார்கள். பிந்தியவரைப் பழித்ததாக அதில் இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு அண்ணலாரே ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூத் பதிவு செய்துள்ளது. அதில் ஒருமுறை அன்னையார் முந்தினார்கள். பின்னொருமுறை அண்ணலார் முந்தினார்கள்.

காரைக்காலில் அரசலாற்றங்கரையும் கடற்கரை மணலும் நமக்கு எட்டிய தூரத்தில்தான் உள்ளன. பள்ளிக்கூடம், டியூஷன், மதரஸா என்று பிள்ளையின் பொழுதை முழுவதும் நிரப்பிவிடாமல், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே சற்று நேரம் ஒதுக்குவோம். வாப்பாமார் ஊரிலிருக்கும் நாட்களில் கூடவே நடக்கட்டும். பெண் மக்கள் கொல்லையிலோ மொட்டைமாடியிலோ கயிறு தாண்டட்டும். உம்மாவோடு நடந்து வரட்டும். பர்தா பேணச் சொன்ன மார்க்கம் முடங்கிக் கிடக்கச் சொல்லவில்லை. அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை இன்றே விடுவோம்.

உடலும் அல்லாஹ் தந்த அமானிதமே. அதைப் பேணும் விருப்பத்தைப் பிள்ளையின் உள்ளத்தில் அணையாமல் காப்பது பெற்றோரின் கடமையாகும்.